வட்டம் கூடி முடிவெடுக்கும்

யார்மிலா தன் வாழ்நாளில் எந்த முட்டைக்கோஸிடமும் அனுமதி கேட்டு அதை வெட்டியதில்லை. ஸ்லோவாக்கியாவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். அங்கே அவள் நறுக்கியதையெல்லாம் குவித்தால் ஒரு சிறு குன்று எழும்பும். ஒவ்வொன்றிடமும் கேட்டிருக்க வேண்டும் என்பது இத்தாலிக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தார் சமையலை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். சாப்பாடு அலுமினியப் பெட்டிகளில் லாரியேறி வந்து இறங்கியது. யார்மிலா வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். பிர்னோவில் படித்துக்கொண்டிருந்த மகள் விடுமுறைக்கு வந்தபோது, துடைத்த அலமாரியையே அம்மா மறுபடி துடைப்பதைக் கண்டாள்.

"அம்மா, இப்படியே இருந்தா நீ செவுத்தையும் தேய்ச்சே கரைச்சிடுவ. வெளிநாட்டுல இயற்கைப் பண்ணைகள்ல ஆள் தேடறாங்க. அரை நாள் வேலை செஞ்சாப் போதும், தங்க இடமும் சாப்பாடும் தருவாங்க. வெயிலுக்குக் காசு கிடையாது. கிளம்பு" என்றாள்.

அப்படித்தான் அவள் அப்பினைன் மலையில், மொந்தெரோவா என்ற சிற்றூருக்கு மேலே இருந்த 'மண்ணின் மூச்சு' பண்ணைக்கு வந்து சேர்ந்தாள்.

வாசலில் சொலேன் என்ற பிரெஞ்சுக்காரி வரவேற்றாள். கட்டிப்பிடித்தாள். நெடுநேரம் விடவில்லை. விட்டதும், "ஷூவைக் கழட்டிக் குடுங்க சகோதரி" என்றாள்.

"உள்ள போய்க் கழட்டறேனே. கல்லா இருக்கு."

"உள்ள வெளிய எல்லாம் ஒண்ணுதான். இங்க யாரும் செருப்பு போடறதில்ல. மண்ணு உங்களைத் தெரிஞ்சுக்கணும்."

ஷூ ஒரு மரக் கொட்டகைக்குள் போயிற்று. சொலேன் அதைப் பூட்டினாள். எதுவும் யாருக்கும் சொந்தமில்லாத அந்தப் பண்ணையில் பூட்டு இருந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

பண்ணையை நிறுவியவர் எர்மான்னோ. மிலானில் சோப்பு விளம்பரங்கள் எழுதி வசதியாக இருந்தவர், நடுவயதில் அழுக்கின் அருமையை உணர்ந்து மலையேறியவர். அவர் முழங்கால் வரை வரும் தோல் பூட்ஸ் போட்டிருந்தார். யார்மிலாவின் பார்வை அங்கே போனதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"என்னை மண்ணுக்கு ஏற்கனவே தெரியும்" என்றார்.

காலையில் எல்லோரும் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். இங்கே தலைவர் என்று யாருமில்லை, வட்டம்தான் முடிவெடுக்கும் என்று எர்மான்னோ விளக்கினார். அங்கிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அதை விளக்கினார். அவருக்கு முதுகுவலி. ஒத்துக்கொள்கிறவர்கள் பேச வேண்டியதில்லை, இரு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டினால் போதும். மறுப்பவர்கள் நெஞ்சுக்குக் குறுக்கே கைகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். கைதட்டல் ஒரு வன்முறை.

பிறகு ஒவ்வொருவரும் தங்கள் உள்மனசின் வானிலையைச் சொன்னார்கள். ஒருவருக்கு மெல்லிய மேகம். ஒருத்திக்குக் கடலோரக் காற்று. யார்மிலாவின் முறை வந்தது.

"பசிக்குது" என்றாள்.

"பசி வானிலை இல்ல சகோதரி" என்றாள் சொலேன், கனிவாக. "இன்னும் கொஞ்சம் உள்ள போய்ப் பாருங்க."

யார்மிலா உள்ளே போய்ப் பார்த்தாள். அங்கேயும் அதுதான் இருந்தது. சொன்னால் கூட்டம் நீளும் என்று, "மேகம்" என்று சொல்லி வைத்தாள். எல்லோரும் விரல்களை ஆட்டினார்கள்.

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் குனிந்து, "நான் தினமும் மேகம்தாம்மா சொல்றேன். சீக்கிரம் விட்டுடுவாங்க" என்று முணுமுணுத்தார். அவர்தான் வெய்க்கோ. ஃபின்லாந்துக்காரர். ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, பெரிய வீட்டில் கடிகாரச் சத்தம் தாங்காமல் கிளம்பி வந்துவிட்டேன் என்றார். அடுத்தவருக்குத் தொந்தரவாக இருந்துவிடக் கூடாது என்பது அவருக்கு ஒரு மதம். தண்ணீர் வேண்டுமென்றால் கூட, "உங்களுக்குச் சிரமமில்லேன்னா" என்று தொடங்குவார்.

முதல் வாரம் முழுக்க இருவரும் முட்டைக்கோஸ் பாத்தியில் வேலை செய்தார்கள். வேலை என்றால், முதலில் ஒரு கோஸின் முன்னால் மண்டியிட வேண்டும். அதன் மேல் கை வைத்து, வெட்டலாமா என்று மனசுக்குள் கேட்க வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"உங்களுக்குப் பதில் வருதா பெரியவரே?" என்று யார்மிலா கேட்டாள்.

"எங்க ஊர் பயணிகள் மாதிரிதாம்மா. பேசவே மாட்டேங்குது. சம்மதம்னு எடுத்துக்கிட்டு வெட்டிடறேன்."

சம்மதித்த கோஸ்கள் வெள்ளிக்கிழமை வேனில் ஏறி நகரத்து உணவகங்களுக்குப் போயின. தக்காளியும் போயிற்று. வேலை செய்தவர்கள் கீழே கடையில் வாங்கிய பார்லியைத் தின்றார்கள். காய்களைப் பிரிந்திருப்பதும் ஒரு பயிற்சி என்று எர்மான்னோ சொல்லியிருந்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான். யார்மிலாவும் மகளிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். மலையில் போன் எடுக்காது. கீழே தார்ச்சாலைக்குப் போனால்தான் எடுக்கும்.

அடுத்த திங்கட்கிழமை வெய்க்கோவை எரு கிளறச் சொன்னார்கள். குவியலுக்குள் எந்தக் காலத்திலோ உடைந்த, எரு வாரும் இரும்புக் கவையின் கூரான பல் ஒன்று கிடந்தது. அதன் மேல் வெறுங்காலை வைத்தார். உள்ளங்காலில் ஏறிய பல்லை அவரே பிடுங்கிப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற யார்மிலாவிடம், "மன்னிச்சுக்கோம்மா, எரு மேல ரத்தம் பட்டுடுச்சு" என்றார்.

சொலேன் புண்ணைப் பார்த்தாள். மருந்துப் பெட்டி இருக்கிறதா என்று யார்மிலா கேட்டாள். இருந்தது. அதில் களிமண் இருந்தது. காலில் களிமண்ணை அப்பி, மேலே ஏதோ இலையை வைத்துக் கட்டினார்கள். வட்டம் அந்த மண்ணுக்கும் இலைக்கும் நன்றி சொன்னது.

மறுநாள் கால் வீங்கியது. "புண் பேச ஆரம்பிச்சிருக்கு" என்றாள் சொலேன். அதற்கு மறுநாள் வெய்க்கோவுக்கு எழுந்திருக்க முடியவில்லை. உச்சி வெயிலில் பல் கிட்டிக்க நடுங்கினார். யார்மிலா கட்டை அவிழ்த்தாள். வீச்சம் முகத்தில் அறைந்தது. கணுக்காலிலிருந்து சிவப்பாக ஒரு கோடு முழங்காலைத் தாண்டி ஏறியிருந்தது. விஷயம் என்னவென்று புரிந்துகொள்ள வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை. மூக்கு இருந்தால் போதும்.

அவள் ஓடிப்போய் எர்மான்னோவிடம் சொன்னாள். "வேன்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இப்பவே. சாவியைக் குடுங்க."

எர்மான்னோ அவள் இரு கைகளையும் எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "உங்க அவசரத்தை நான் உணர்றேன் சகோதரி. ஆனா சாவி என்னோடது இல்ல. வட்டத்தோடது."

"சாவி உங்க பாக்கெட்லதானே இருக்கு?"

"இருக்கிற இடம் வேற, சொந்தம் வேற."

வட்டம் கூடியது. ஒருவரைப் பற்றி அவரில்லாமல் பேசுவது நெறியல்ல என்பதால், வெய்க்கோவை மெத்தையோடு தூக்கிவந்து நடுவில் கிடத்தினார்கள். முதலில் எல்லோரும் வானிலை சொன்னார்கள். வெய்க்கோவின் முறை வந்தபோது அவர் கண்ணைத் திறக்காமலே, "மேகம்" என்றார்.

பிறகு பேச்சு தொடங்கியது. வேன் டீசலில் ஓடுவது. வாரத்தில் ஒரு நாள் மட்டுமே பூமியின் மேல் புகை விடுவது என்று வட்டம் முன்பே தீர்மானித்திருந்தது. அந்த நாள் வெள்ளி. இன்று புதன். ஒருவர் எழுந்து, 'ஆஸ்பத்திரி' என்ற சொல்லே தன் உடம்பில் ஒரு இறுக்கத்தை உண்டாக்குவதாகச் சொன்னார். அந்த இறுக்கத்துக்காக எல்லோரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். இன்னொருத்தி, புண்ணை நாம் பகையாகப் பார்க்கிறோமே, புண்ணின் பக்கத்தை யார் பேசுவது என்று கேட்டாள். அது நியாயமாகப் பட்டதால், புண்ணின் சார்பில் பேச ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் நன்றாகவே பேசினார்.

கடைசியில் எர்மான்னோ நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நான் தலைவன் இல்ல. ஒரு குரல்தான். அந்தக் குரல் சொல்றது இதுதான். நகரத்துல ஒருத்தனுக்குக் கால் வலிச்சா உடனே வண்டி, உடனே ஊசி. காலை யாரும் கேக்கறதே இல்ல. நாம கேக்கறோம். மெதுவாக் கேக்கறோம். வெள்ளிக்கிழமை வேன் எப்படியும் கீழ போகுது. கோஸோட கோஸா நம்ம சகோதரரும் போகட்டும். பூமிக்கும் பாரமில்ல, அவருக்கும் தனியாப் போற கூச்சமில்ல."

விரல்கள் ஆடின. கோதுமை வயலில் காற்றடித்ததுபோல் எல்லா விரல்களும் ஆடின. மெத்தையிலிருந்து வெய்க்கோவும் இரண்டு கைகளையும் கஷ்டப்பட்டுத் தூக்கி ஆட்டினார்.

யார்மிலா மட்டும் நெஞ்சுக்குக் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டாள்.

சொலேன் அவளிடம் வந்து குனிந்தாள். "உங்க தைரியத்துக்கு நன்றி சகோதரி. ஆனா தடுக்கிற உரிமை ஒரு முழுப் பருவம் இங்க இருந்தவங்களுக்குத்தான். நீங்க இன்னும் விருந்தாளி."

"விருந்தாளிக்கு என்ன உரிமை இருக்கு?"

"கேக்கற உரிமை."

வியாழக்கிழமை விடிந்ததும் யார்மிலா வெய்க்கோவின் நெற்றியைத் தொட்டாள். கையை உடனே எடுத்துவிட்டாள். அவர் ஃபின்னிஷ் மொழியில் யாருக்கோ அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எருக்குழிக்குப் போனாள். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். தன் போர்வையை மடித்து உள்ளே போட்டாள். இருபது வருஷம் சூப் அண்டா தூக்கிய கைகளால் அவரைத் தூக்கி வைத்தாள். நீண்ட மனிதர். கால்கள் முன்னால் தொங்கின.

வாசலில் சொலேன் நின்றிருந்தாள்.

"எங்க போறீங்க? வட்டம் இப்படி முடிவு பண்ணலையே!"

"நான் முடிவு பண்ணிட்டேன்."

"தனியாவா?" சொலேன் நிஜமாகவே பதறிவிட்டாள். "தனியா எப்படி ஒருத்தர் முடிவு பண்ண முடியும்?"

"வழியை விடு. இல்ல, கொட்டகையைத் திறந்து என் ஷூவைக் குடு."

"அதுக்கும் வட்டத்தைக் கேக்கணும்" என்றாள் சொலேன். ஆனால் வழியை விட்டாள்.

மலைப்பாதை முழுக்க உடைகல். யார்மிலா வெறுங்காலோடு வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சரிவில் வண்டி அவளை இழுத்தது. மேட்டில் அவள் வண்டியைத் தள்ளினாள். சக்கரம் கல்லில் ஏறி விழும்போதெல்லாம் வெய்க்கோவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது முடிந்ததும், "மன்னிச்சுக்கோம்மா" என்றார்.

"வாயை மூடுங்க பெரியவரே."

"உனக்குத் தொந்தரவு."

"ஆமா, தொந்தரவுதான். அதனால என்ன? வலிச்சாக் கத்துங்க. இங்க கேக்க யாரும் இல்ல."

அவர் கொஞ்சதூரம் யோசித்தார். பிறகு கத்தினார். மலையே திரும்பக் கத்தியது. கத்தி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது.

"நேத்து நானும் கையை ஆட்டிட்டேன்ம்மா. பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எல்லாரும் ஆட்டினாங்க. நடுவுல நான் மட்டும் மாட்டேன்னு சொல்ல... எனக்காகத்தானே அவ்வளவு நேரம் உக்காந்திருந்தாங்க."

யார்மிலா வண்டியை அடுத்த மேட்டில் ஏற்றினாள். அவள் பாதம் வைத்த கற்களில் ரத்தம் பட்டிருந்தது. அதைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

தார்ச்சாலையில் பால் ஏற்றிக்கொண்டு போன லாரிக்காரன் ஒருவன், எருவண்டியில் கிடந்த மனிதரையும் வண்டியைப் பிடித்து நின்ற பெண்ணையும் பார்த்துவிட்டுப் பிரேக்கை மிதித்தான். மாதாவே என்றான். அவன்தான் போன் செய்தான். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. வருவதற்கு அவர்கள் யாரையும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் காலை வெட்டி எடுத்தார்கள். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றாள் டாக்டர். "முந்தாநாள் கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள், யார்மிலாவின் கட்டுப்போட்ட பாதங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சனிக்கிழமை மதியம் வெய்க்கோ இறந்துபோனார். நர்ஸைக் கூப்பிடும் மணி அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதை அழுத்தவில்லை.

சாயங்காலம் எர்மான்னோ வந்தார். வட்டத்துக் கூட்டங்களையெல்லாம் படம் பிடிக்கும் கேமராவோடு சொலேனும் கூட வந்தாள். தாழ்வாரத்தில் நின்று எர்மான்னோ கண்ணை மூடினார்.

"அவர் போகல. மண்ணுக்குள்ள நம்மைவிட ஆழமாப் போயிருக்கார். அவரை எங்ககிட்டயே குடுத்துடுங்க. எங்க எருவுல, எங்க கோஸுக்கு நடுவுல..."

சட்டப்படி முடியாது, உடல் ஃபின்லாந்துக்குப் போகிறது என்றார் ஆஸ்பத்திரி அதிகாரி. எர்மான்னோ பெருமூச்சு விட்டார். "எடுத்த காலாவது?" என்று கேட்டார்.

காலை எரித்தாகிவிட்டது. சொலேன் கேமராவைத் தாழ்த்தினாள். யார்மிலா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்தாள். அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

"தள்ளுவண்டி எங்க இருக்கு சகோதரி? திங்கட்கிழமை புது ஆளுங்க வர்றாங்க."

ஒரு மனிதர் இப்படிச் செத்தால் அரசாங்கம் சும்மா இருக்காது. மொந்தெரோவா காவல் நிலையத்து மார்ஷல் தார்க்வினி மலையேறினார். வாசலில் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். "இது என்னோடது இல்ல, அரசாங்கத்தோடது" என்றார் அவர். வட்டம் இதை விவாதித்து, பாதையில் நிற்க அவரை அனுமதித்தது. அவர் பாதையில் நின்றபடி விசாரித்தார்.

"இங்க யார் பொறுப்பு?"

"யாரும் பொறுப்பு இல்ல" என்றார் எர்மான்னோ. "அதுதான் எங்க கொள்கை."

"நிலம் யார் பேர்ல இருக்கு?"

"சங்கத்தோட பேர்ல."

"சங்கத் தலைவர் யாரு?"

"சுழற்சி முறை. இந்த மாசம் ஆலிவ் மரம்."

மார்ஷல் கொஞ்சநேரம் ஆலிவ் மரத்தைப் பார்த்தார். "சரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம்னு சொன்னது யாரு?"

"வட்டம்."

"வட்டம்னா நீங்க எல்லாருமா?"

"எல்லாரும் சேர்ந்தா வட்டம். தனித்தனியா எடுத்தா யாருமே வட்டம் இல்ல" என்றாள் சொலேன். "அப்புறம், வேண்டாம்னு யாரும் சொல்லல. வெள்ளிக்கிழமைன்னுதான் சொன்னோம். அவரும் கையை ஆட்டினார். வீடியோ இருக்கு."

மார்ஷல் ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்திக் கேட்டார். நான் என்று தொடங்கிய ஒரு வாக்கியமும் அவருக்குக் கிடைக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் மலையிறங்கினார்.

மறுநாள் காலை யார்மிலாவை நிலையத்துக்கு வரச்சொன்னார். காபி வரவழைத்தார். அவள் பாதங்களைப் பார்த்துவிட்டு, தூக்கி வைத்துக்கொள்ள இன்னொரு நாற்காலியைத் தள்ளிவிட்டார். பிறகு தட்டச்சுப் பலகையை இழுத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை அவரை எடுத்துட்டுப் போகலாம்னு முடிவு பண்ணது யாரும்மா?"

"நான்."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"இல்ல."

"வண்டியை எடுத்தது?"

"நான்தான்."

மார்ஷல் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அது உடனே போய்விட்டது. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அம்மா, கேளுங்க. சட்டம் ஒரு ஆளைத் தேடுது. ஆள் கிடைக்கலேன்னா இதைத் தூக்கி அலமாரியில போட்டுடும். சாகக் கிடந்தவரை எருவண்டியில வெச்சு, கல்லு மேல உருட்டி, கூட இருந்தவங்க சம்மதம் இல்லாம, கொண்டுபோன ஒருத்தர். பிராசிக்யூட்டர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். இத்தனை பேர்ல 'நான்'னு சொன்னது நீங்க ஒருத்திதான்."

"கொண்டுபோகாம இருந்திருந்தா?"

"இருந்திருந்தா உங்க பேர் இதுல வந்திருக்கவே வந்திருக்காது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். வட்டம்தான் என்னை அனுப்புச்சுன்னு சொல்லிடுங்க. அவங்க மறுக்க மாட்டாங்க, மறுக்கணும்னா கூடிப் பேசணும். அதுக்குள்ள ரயிலேறி ஊருக்குப் போயிடுவீங்க. எனக்கும் மனசு ஆறும்."

யார்மிலா காபிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மகளை நினைத்தாள். கேஸ் என்றால் என்ன ஆகும், எத்தனை நாள் இங்கே கிடக்க வேண்டும், எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே விஷயம், அந்தக் கிழவர் மலைப்பாதையில் ஒருமுறை கத்தியது. அதைக் கேட்க ஒரு ஆள் இருந்ததால்தான் கத்தினார்.

"அவருக்காக ஒண்ணே ஒண்ணுதான் சார் நடந்துச்சு" என்றாள். "அதையும் யாரும் செய்யலைன்னு ஆக்கிடாதீங்க. 'நான்'னே எழுதுங்க."

மார்ஷல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு ஆள்காட்டி விரல்களால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, தட்டச்சு செய்யத் தொடங்கினார்.